வாலைப் பிடிக்க ஓர் ஆள்

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவருக்குப் பொம்மை விமானத்தில் ஒரு தனி பேட்டரி வைப்பது பெரிய வித்தையா என்ன? கரன்ட் போய் லிஃப்ட் நடுவில் நின்றாலும் உள்ளே மணியும் விளக்கும் தனி பேட்டரியில் வேலை செய்யும். அதை எத்தனையோ கட்டடங்களில் மாட்டிக் கொடுத்தவர் அவர். சொந்த விமானம் என்று வந்தால் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் இழுத்தடித்தார்.

பலன், ஒருநாள் பறந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியை மோட்டார் குடித்துத் தீர்த்தது. ரிமோட் சொல்வதை வாங்கி வாலை அசைக்கும் ரிசீவரும் அதே பேட்டரியை நம்பியிருந்ததால் செத்தது. ரிமோட்டில் என்ன திருகினாலும் காதில் வாங்காமல் விமானம் முள்வேலிக்குள் போய் மூக்கைக் குத்திக்கொண்டது.

"உங்க லிஃப்டுக்கு இருக்கிற புத்தி இதுக்கு இல்லையாங்க?" என்று மனைவி சிரித்தாள். கிழிந்த இறக்கையை அவளே ஒட்டி, ஒட்டிய இடத்தில் பேனாவால் தேதியும் எழுதினாள். "தனி பேட்டரி போடாம இனி இதைப் பறக்க விட்டீங்க, நான் மைதானத்துக்கே வரமாட்டேன், ஆமா."

வரவேயில்லை. அதிலிருந்து ஐந்தாம் மாதம் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது விமானம் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. அவள் இருந்தால் விடுவாளா? ஒரு தட்டுக்கு இடமிருந்தால் போதும் என்றாகிவிட்டது. போய்ச் சேர்ந்தவள் சொன்னபடி தனி பேட்டரி போட்டு ஒருமுறை பறக்கவிட வேண்டும், வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. ஒரு ஞாயிறு காலை சின்ன பேட்டரி ஒன்றை உள்ளே பட்டைபோட்டுக் கட்டி, பக்கவாட்டில் சுவிட்ச் வைத்து, ரிசீவரில் சொருகினார். மோட்டார் பேட்டரியையும் மாட்டிவிட்டு ரிமோட்டைத் திருகினார். வால் அசைந்தது. "அவ்வளவுதானே!" என்று புது சுவிட்சை அணைத்துவிட்டுச் சும்மா ஒருமுறை திருகினார். அப்போதும் வால் அசைந்தது.

திருதிருவென்று விழித்தார். பிறகுதான் உறைத்தது. மோட்டார் பக்கத்திலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பிகளில் சிவப்பைக் கழற்ற மறந்திருக்கிறார். பழைய வழியிலேயே கரன்ட் போய்க்கொண்டிருக்கிறது. புது பேட்டரி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கற்றுக்குட்டிகூடச் செய்யாத காரியம். வாய்விட்டுச் சிரித்து, "இங்க பாரேன் கூத்தை..." என்று அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

அங்கே யாரும் இல்லை. மறுபடி மேசைப் பக்கம் திரும்பி, ஊசியால் சிவப்புக் கம்பியை நெம்பி எடுத்து, நுனியில் டேப் சுற்றினார்.

ஆனால் பறக்கவிடுமுன் ஒரு சோதனை பாக்கி. ரிமோட்டின் வீச்சைக் குறைத்து, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, முப்பது தப்படி தள்ளிப்போய் வாலை அசைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒருவர் விமானத்தைப் பிடித்திருக்க வேண்டும். மனைவி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வால் அசையும்போதெல்லாம் மறுகையைத் தூக்குவாள். இனி யார்? யார் மணியடித்தாலும் ஓடிப் பழகியவர். தானாக ஒருவரைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. மூன்று ஞாயிறு விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனார், அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினார்.

நாலாம் ஞாயிறு மைதானத்து வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார், தூக்கிட்டு வர்றீங்க, தூக்கிட்டுப் போறீங்க. இது பறக்காதா?"

"பறக்கும். பிடிக்கத்தான் ஆள் இல்ல."

"இதுக்குப் போயா இத்தனை யோசனை? வாயைத் தொறந்து கேட்டா பிடிக்கமாட்டேனா?"

வாட்ச்மேனை விமானத்தின் பின்பக்கம் உட்காரவைத்து, வால் அசையும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லி, மூக்கிலுள்ள விசிறியிடம் விரல் போகக் கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்து, ரிமோட்டின் வீச்சைக் குறைத்து மோட்டாரை ஓடவிட்டு நடந்தார். பத்து, இருபது, முப்பது. திரும்பி நின்று ரிமோட்டின் குச்சியை அசைத்தார். வாட்ச்மேன் கையைத் தூக்கினார்.

சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. புது பேட்டரி பழுதில்லாமல் வேலை செய்தது. இனி திரும்பிவந்து பறக்கவிடலாம். அவர் நாற்பதுக்கு நடந்தார். அசைத்தார். கை எழுந்தது. ஐம்பதிலும் எழுந்தது.

"சார், போதுமா?"

"இன்னும் கொஞ்சம்!"

அறுபத்திரண்டில் கை எழவில்லை; குறைத்து வைத்த வீச்சு அவ்வளவுதான். பதறிப்போய் ஒரு தப்படி முன்னால் வைத்து அசைத்தார். எழுந்தது. இன்னொரு முறை அசைத்தார். அதற்கும் எழுந்தது. விமானத்தைப் பறக்கவிட வேண்டும் என்ற ஞாபகமே அவருக்கு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அசைத்தார்.