உள்ளே ஒட்டிய தோல் துண்டு

நான் திண்டுக்கல்லில் எலக்ட்ரீஷியன். வயர் முனைகளைச் சேர்த்து மேலே திருகுகிற பிளாஸ்டிக் மூடிகளை நாள் முழுக்கத் திருகினால் விரல் கன்றிப்போகும். அதனால் டிரில் மெஷினில் மாட்டித் திருகும் ஒரு குழாயைச் செய்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன்.

"இத்தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது" என்று காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. எனக்குக் கோபமான கோபம். எட்டு மாத உழைப்பு எளிதா? சோதித்துவிடலாம் என்று, என் குழாயைக் காட்டாமல், கூட வேலை பார்க்கும் சிக்கந்தரிடம் மூடியையும் டிரில்லையும் கொடுத்தேன். செத்த நேரத்தில் ஒரு ஸ்பேனர் சாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"இதுல என்னண்ணே இருக்கு?"

என் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் திருகியதும் மூடி அளவுக்கு மீறி இறுகி, உள்ளே கம்பி முறிந்தது. என்னுடையதைக் கொடுத்தேன். முறியவில்லை.

"எப்படிண்ணே?"

"உள்ள தோல் ஒட்டியிருக்கேன். இறுகினதும் வழுக்கிரும்."

தோல் பதனிடும் ஷாப்பில் கழித்துப்போட்ட துண்டு. அதைப் போய் கண்டுபிடிப்பு என்பதா என்று வெட்கப்பட்டு, குழாய்க்கு மட்டுமே உரிமை கேட்டிருந்தேன். நல்லவேளை, விண்ணப்பத்தோடு தந்த விளக்கத்தில் தோலைப் பற்றி ஒரு வரி இருந்தது. இல்லையென்றால் பிறகு சேர்க்க விடமாட்டார்களாம். தோலுக்கும் உரிமை கேட்டுத் திருத்தி அனுப்பியிருக்கிறேன், முடிவு வரவில்லை.

இப்போதெல்லாம் எதைச் செய்தாலும், சிக்கந்தரிடம் பொருளைக் காட்டாமல் வேலையை மட்டும் சொல்கிறேன். அவர் எங்கே திணறுகிறாரோ, அங்கிருந்துதான் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகிறேன்.