என் வாசலில் சகலையின் வண்டி

அந்த வெள்ளை வண்டியின் விலாப்பக்கம் கையகலத்தில் ஒரு கறுப்பு மூடி இருக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சாக்கெட். சோலார் பேனலை வெளியே வெயிலில் பிரித்து வைத்து, அதன் ஒயரை அதில் செருகினால் வண்டிக்குள் இருக்கும் பேட்டரி சார்ஜ் ஏறும். அந்த இடத்தைத் துளைத்தவன் நான்தான். ட்ரில்லிங் மெஷினை அழுத்திய வேகத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவா அண்ணா, உள்ள ஷீட்டு கீது, பிஞ்சிடப் போவுது" என்றார் சகலை. மெதுவாகத்தான் துளைத்தேன். அந்த நேரம் என் வயிற்றுக்குள் என்ன எரிந்துகொண்டிருந்தது என்று தெரிந்திருந்தால் மெஷினை என் கையில் கொடுத்திருக்கவே மாட்டார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். அமெரிக்காவில் சம்பாதித்தது போதும் என்று பெங்களூருக்குத் திரும்பி வந்து, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர். திரும்பி வந்ததும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி அந்த வண்டியைச் செய்து வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. உள்ளே ஒரு கட்டில், ஃபேன், விளக்கு, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், அடுப்பு. கூரையில் ஒரு சோலார் பேனல். நானோ திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் கடை வைத்து லாரிக்கும் காருக்கும் ஒயரிங் பார்க்கிறவன். எத்தனையோ பேருடைய வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். அப்படி ஒரு வண்டிக்குள் படுத்ததில்லை. ஆனால் நான் பொறாமைப்பட்டது வண்டிக்காக அல்ல. வண்டியை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு எரிந்தது எங்கள் மாமியாருக்காக.

அத்தை பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தாள். மாமா போன பிறகும் மாந்தோப்பைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் விளக்கு வைத்த பிறகு இருக்க மாட்டாள். பகலில் வருவாள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவாள், ஒரு வேளை சாப்பிடுவாள். வெயில் தாழ்ந்ததும் பையைத் தூக்கிக்கொள்வாள். ஊரில் எத்தனையோ பேர் மகள் வீட்டில் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் அவள் அம்மா சொன்னதுதான் சட்டம். மலையேறி சாமி பார்த்துவிட்டு நேரமாகிவிட்டால், எங்கள் வீடு ஆட்டோ தூரத்தில் இருக்க, திருப்பதி ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு துண்டை விரித்துப் படுத்துக்கொள்வாள். காலையில் நான் காப்பி ஃபிளாஸ்க்கோடு போய் நின்றால், "இன்னாத்துக்கு மாப்ள உங்களுக்குச் சிரமம்?" என்பாள். கடன் வாங்கி, கல் கல்லாகப் பார்த்து நான் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்தன்றும் சாயந்திரம் சித்தூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். அவளுக்கென்றே கீழ்வீட்டில் ஜன்னல் பக்கம் ஓர் அறை வைத்துக் கட்டியிருந்தேன். அதில் கடைச் சாமான்களைப் போட்டு வைத்தோம்.

என் அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அதனால்தான் இந்த ஏக்கம் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். கல்யாணமான புதிதில் அத்தை என்னை ஒருநாள் 'டேய்' என்று கூப்பிட மாட்டாளா என்றுகூட நினைத்திருக்கிறேன். அவளோ நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பாள், நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். சகலை கதையே வேறு. கல்யாணமாகும்போது அவருக்கு வேலை கிடையாது. கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா போகலாம் என்று சித்தூரே கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் கோர்ஸில் சேர்ந்துவிட்டு ஒரு வருஷம் மாமியார் வீட்டிலேயே கிடந்தார். அத்தை அவருக்குச் சட்னி அரைத்தாள், பரீட்சைக்கு எழுப்பினாள், திட்டினாள். "தே நைனா, துன்னுட்டு அப்புறம் போய் அந்தப் பொட்டியைத் தட்டு" என்று அவரை விரட்டுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கடை வைத்துச் சொந்தக்காலில் நின்ற எனக்கு மரியாதை கிடைத்தது. சும்மா இருந்தவருக்கு அம்மா கிடைத்தாள்.

அத்தைக்கு மூச்சிரைப்பு முற்றியபோது திருப்பதி டாக்டர், சில வாரம் டவுனிலேயே இருந்து அடிக்கடி காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தினமும் இரண்டு மூன்று வேளை மிஷின் வைத்து மருந்துப் புகை இழுக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். எனக்கு டாக்டர் காலில் விழலாம் போல இருந்தது. ஒரே நாளில் அந்த ஜன்னல் அறையைக் காலி செய்து, சுண்ணாம்படித்து, புதுக் கட்டில் போட்டேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ரூமு ஜோரா கீது மாப்ள" என்று சொல்லிவிட்டுச் சத்திரத்துக்குக் கிளம்பினாள். வாசலில் என் மனைவி அழுதாள். நான் கத்தினேன். அத்தைக்கு இரைப்பு வாங்கியது. அதற்கு மேல் என்ன பேசுவது? சாயந்திரம் சகலைக்கு போன் போனது. மறுநாளே மனிதர் பெங்களூரிலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்திவிட்டார். அத்தை படியேறி உள்ளே போனாள். கட்டிலைத் தட்டிப் பார்த்தாள்.

"இது வூடு இல்லியே. சக்கரம் கீது பாரு. வண்டியில படுக்கறதுக்கு இன்னா?" என்றாள்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் கெஞ்சியும் கூத்தாடியும் நடக்காதது, நான்கு டயரில் நடந்துவிட்டது. சகலை என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

வெயிலில் நின்றால் வண்டி அடுப்பாகிவிடும் என்று புங்க மரத்தடியில் நிறுத்தினோம். நிழலில் நின்றால் கூரைப் பேனலுக்கு வெயில் கிடையாது. பேட்டரி இறங்கிக்கொண்டே போனது. "இதுக்கு எதுக்கு மண்டையைப் பிச்சிக்கணும்? வீட்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்தா முடிஞ்சிது" என்றேன். அத்தை உள்ளேயிருந்தே கையை ஆட்டினாள். "சாலு சாலு, மாப்ள வூட்டு கரண்டு வோணாம்." அப்போதுதான் சகலை காரிலிருந்து மடக்குப் பேனலை எடுத்தார். சூட்கேஸ் மாதிரி பிரிக்கலாம், மூடலாம். அதை வெயிலில் வைத்து வண்டிக்கு இணைப்புக் கொடுக்க வெளிப்பக்கம் ஒரு சாக்கெட் வைக்க வேண்டும், அதை நான்தான் செய்ய வேண்டும் என்றார். எங்கே வைப்பது என்று கேட்டார். என் மொட்டை மாடியில் நாளெல்லாம் வெயில் அடிக்கும் என்றேன். "மாடி உங்களுது இல்லியா மாப்ள? அதோ தள்ளி கீற காலி மனையில வெய்யிங்க. யாருதோ என்னமோ. வெய்யிலு எல்லாருக்கும் பொது" என்றாள் அத்தை. யாரென்றே தெரியாதவன் மனையில் விழுகிற வெயில் அவளுக்கு ஆகும். என் மாடியில் விழுகிற வெயில் ஆகாது! சகலை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையிலாவது நான் பெரிய ஆள் என்று காட்டலாம் என்று பார்த்தேன். அதற்கும் வழியில்லை. மனை தள்ளியிருப்பதால் ஒயர் நீளம் அதிகம், மெல்லிசு ஒயர் போட்டால் பாதிப் பவர் வழியிலேயே போய்விடும், தடிமனாக எடுக்க வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். கூரைப் பேனலோடு இதைச் சேர்க்காமல், சார்ஜை அளந்து விடுகிற தனி கன்ட்ரோலர் வைத்து பேட்டரிக்குக் கொண்டு போகலாம், பேட்டரி பக்கத்தில் ஒரு ஃபியூஸ் வேண்டும் என்றும் அவரே சொன்னார். எல்லாம் சரி. ஒரு சொல் தப்பில்லை. எங்கே படித்தீர்கள் என்றேன். வீடியோ பார்த்தாராம். ஐந்தாம் வகுப்போடு நின்று பட்டறையில் அடி வாங்கி நான் கற்றுக்கொண்டதை இந்த மனிதர் காப்பி குடித்துக்கொண்டே கற்றுக்கொண்டிருக்கிறார். நான் துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, தண்ணீர் இறங்காமல் பசை பூசி, பிளஸ் மைனஸை மீட்டரில் பார்த்து இணைத்தேன். கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்தது. "நீ கெட்டிக்காரன்டா நைனா" என்றாள் அத்தை. அவரைப் பார்த்துத்தான். எனக்கு மோர் கொடுத்தாள்.

அவர் பெங்களூர் திரும்பிவிட்டார். வண்டி என் வாசலில் நின்றது. தினமும் காலையில் காலி மனையில் பேனலைப் பிரித்து, வெயிலுக்குத் தக்கபடி திருப்பி வைத்து, சாயந்திரம் மடக்கி எடுத்து வைத்தது நான். மருந்து வாங்கியது நான், டாக்டரிடம் கூட்டிப் போனது நான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "யாரு வண்டிங்க?" என்று கேட்டால், "எங்க சின்ன மாப்ளயுது" என்று அத்தை ஜன்னல் வழியாகச் சொல்வாள். காலை ஏழு மணிக்கெல்லாம் சகலை வீடியோவில் வந்துவிடுவார். அத்தை தலை சீவி, பொட்டு வைத்து, அதற்கென்றே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்துக்கு நான் பேனல் ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். ஒன்றும் இருக்காது. தூங்கினாயா, துன்னாயா, அவ்வளவுதான். அதைக்கூட என்னால் தாங்க முடியவில்லை.

கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள். வானம் மூடிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், முதல் மேகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். வெயில் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் பார்க்கலாம் என்று நினைத்தேன். மழை விடாமல் பெய்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். விளக்கை, ஃபேனை, ஃப்ரிட்ஜை எல்லாம் அணைத்து மூச்சு மிஷினுக்கு மட்டும் பேட்டரியை மிச்சம் பிடித்தோம். ஒரு சாயந்திரம் மருந்துப் புகை பாதியில் நின்றுவிட்டது. அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தாள். அப்போது என் சந்தோஷம் எங்கே ஓடியதோ தெரியவில்லை. அந்தத் தண்ணீருக்குள் வீட்டு ஒயரை இழுத்தால் எல்லோரும் செத்தோம். "அத்தே, உங்க காலுல வேணா விழறேன், உள்ள வந்துடுங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். தோளில் சாய்த்து, தண்ணீரில் நடத்தி, வீட்டுக்குள் கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக் கரண்டில் மிஷின் ஓடியது. ஜன்னல் அறைக் கட்டிலில், விளக்கு வைத்த பிறகு, என் மாமியார் தூங்கினாள். நான் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷம் கண்ணயர்ந்தேனோ தெரியாது.

விடிந்து பார்த்தால் கட்டில் காலி. பதறிப் போய் வெளியே ஓடினேன். மழை விட்டு, தெருத் தண்ணீர் வடிந்திருந்தது. அத்தை வண்டிக்குள் தலை சீவி, பொட்டு வைத்து, கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் சகலை.

"நல்லாத் தூங்கினேன் நைனா. உன் வண்டியில எனக்கு இன்னா கொற? மழைக்குக் கதகதன்னு இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்தபின் என்னைக் கூப்பிட்டாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ராத்திரி உங்க வூட்ல படுத்தது சின்னவனுக்குத் தெரிய வோணாம் மாப்ள. அமெரிக்காவுல அவன் வூட்டுக்கு எத்தினி தரம் கூப்ட்டான், நான் போவல. எனக்கோசரம்தான் இந்த வண்டியே வாங்கினான். கேட்டா நொந்துக்குவான்."

"அப்போ நான்? எனக்கு நோவாதா அத்தே?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்டே விட்டேன். அத்தை என் கையைப் பார்த்தாள்.

"அவன் தாங்க மாட்டான். நீங்க தாங்குவீங்க."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். காலி மனையில் வெயில் வந்திருந்தது. பேனலைப் பிரித்து வைத்தேன். தாங்குவானாம்! யாரைக் கேட்டு முடிவு செய்தாள்? ஆனாலும் அன்று முழுக்க அந்த ஜன்னல் அறைப் பக்கம் போய்ப் போய், அவள் மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் தேறி ஊருக்குத் திரும்பிய அத்தை அடுத்த கோடையில், காய் பறிக்கிற நேரத்தில், தன் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். வண்டியை இப்போது தோப்பில் காவல்காரர் படுக்க விட்டிருக்கிறோம். காரியத்தன்று பந்தலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, அத்தையின் பிடிவாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சகலை அழுதுகொண்டே சொன்னார்: "எந்த மாப்ள வூட்லயும் ஒரு ராத்திரி படுக்காமலே பூட்டாங்க. என் வண்டியில மட்டும்தான் படுத்தாங்க. அது ஒண்ணு போதும் எனக்கு." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். என் மனைவி பந்தலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தாள். நான் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"என்னண்ணா, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டார் சகலை.

"ஆமாம் சகல. உங்க வண்டியிலதான்" என்றேன்.