காசிம் பாயின் கட்சி

காலையில் டென்னிஸ் வலையைக் கட்டிவிட்டு நின்றிருந்தேன். காசிம் பாய் வரவில்லை. ஆட்டத்துக்குத் தாமதமாக வருகிறவரில்லை. திட்டலாம் என்று போனை எடுத்தால், அவர் மகள் நஸ்ரினே அழைத்தாள். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலேயே..." என்றாள். கட்டிய வலையை அவிழ்த்து வைத்துவிட்டு பேகம்பூரில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

தோல் மண்டி வைத்திருந்த காசிம் பாயை உங்களில் பலருக்கு வியாபாரியாகத் தெரியும். செம்மண் தளத்தில் அவரோடு டென்னிஸ் ஆடியவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும். எல்லைக்கோட்டருகே பந்து விழுந்தால் நான் குந்தி உட்கார்ந்து மண்ணில் தடம் தேடுவேன். அவரோ தன் பக்கத்தில் விழுந்த பந்தின் தடத்தைக் காலாலேயே அழித்துவிட்டு, "உள்ளதான் அப்பு. சந்தேகம் வந்துட்டா அது எதிராளி பாயிண்ட்டு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அப்படிக் கிடைத்த பாயிண்ட்டில் ஜெயித்து என்ன பெருமை?

ஆட்டம் முடிந்தால் டீக்கடை. அங்கேதான் அசல் ஆட்டம். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் யார்? இடப்பக்கம் வரும் பந்தை ஒரே கையால் திருப்பி அடிப்பவர் அவருடைய ஆள். இரண்டு கையாலும் அடிப்பவர் என்னுடைய ஆள். பெயரெல்லாம் சொல்ல மாட்டோம். ஒத்தக்கை, ரெட்டக்கை, அவ்வளவுதான். என் ஆளிடம் கோப்பைகள் அதிகம். அதைச் சொன்னால் பாய் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, "தோலை எடை போட்டா வாங்குறோம்? தடவிப் பாத்துத்தான வாங்குறோம்" என்பார்.

"தடவிப் பாத்து யாரும் கோப்பை குடுக்க மாட்டான், பாய்."

"அதான் உங்களுக்குக் கடைசிவரைக்கும் புரியாது."

அந்த இரண்டு ஆட்டக்காரர்களும் மோதிய இறுதி ஆட்டம் ஒன்றில் என் ஆள் ஜெயித்தார். மறுநாள் பாய் வாயால் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று விடிவதற்கு முன்பே தளத்துக்குப் போய்விட்டேன். பாய் வந்தார், ஆடினார், டீ குடித்தார். "நேத்து அகரம் பக்கம் மழையாமே?" என்று கேட்டார். மண்டிக்குக் கிளம்பிவிட்டார். அந்த ஒப்புதலுக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். நஸ்ரின்தான் பேச்சை எடுத்தாள். "இங்கயும் இதே சண்டைதான் மாமா. நான் ஒத்தக்கை கட்சி. அத்தா ரெட்டக்கைக்குத்தான் பேசுவாங்க. நீங்க சொல்ற பாயிண்ட்டையெல்லாம் அப்படியே சொல்லி என்னைய மடக்கிருவாங்க."

"என்கிட்ட மாத்தில்ல பேசுவாரு?"

"நானும் கேட்டிருக்கேன். 'அந்தக் கட்சிக்கு அவரு இருக்காரு. நானும் அங்க போயிட்டா காலையில ஒத்தக்கைக்கு யாரு பேசுறது, டீக்கடையில என்னத்தப் பேசுறது'ன்னாங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மனுஷன் என் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நஸ்ரின் டீ கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

மீண்டும் ஆடப்போன முதல் நாள், எங்களோடு ஆடும் பல் டாக்டர் டீக்கடையில் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இனி என்ன சார் வாக்குவாதம்? உங்க ஆளுதான் பெரிய ஆளு. நாங்க எல்லாரும் ஒத்துக்கிறோம்" என்றார். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஆனால் எதிரே அந்தப் பக்கம் பேச ஒரு ஆள் இல்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதெப்படி டாக்டர்? தோலை எடை போட்டா வாங்குறோம்?" என்றேன்.

மண்டியை மகள் பார்த்துக்கொள்வாள். அவருடைய கட்சியை நான் வைத்துக்கொண்டேன்.