டிராயரில் இருந்த பேட்ஜ்

எக்ஸ்ரேக்காரருக்கு ஒரே அறையில் இருபத்தாறு வருட சர்வீஸ். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அளக்க ஆஸ்பத்திரி ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பினால் ரிப்போர்ட் வரும். அவர் ரிப்போர்ட் எப்போதும் பூஜ்யம்.

கொஞ்சூண்டு கதிர்வீச்சு கெடுதலா இல்லையா என்று அங்கே இரண்டு டாக்டர்களுக்குள் ஓயாத சண்டை. துளி பட்டாலும் துளி ஆபத்து என்பார் குட்டை டாக்டர். அத்தனை சின்ன அளவில் அதை யார் நிரூபித்தது என்பார் நெட்டை டாக்டர். சண்டை முற்றினால் எக்ஸ்ரேக்காரரைக் கைகாட்டுவார்.

"ஆளையும் பாருங்க, ரிப்போர்ட்டையும் பாருங்க. கல்லு மாதிரி இருக்காரு. இந்த ரூமுக்கா பயப்படுறீங்க?"

கல்லும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

நடந்தது என்னவென்றால், சேர்ந்த புதிதில் அவர் மனைவி பேட்ஜைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். மூன்று விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மனிதர் உஷாராகிவிட்டார். அன்றிலிருந்து பேட்ஜ் வெளி அறை டிராயரில், கைக்குட்டையில் சுற்றி, பத்திரமாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே கதிர்வீச்சிலிருந்து முழுப் பாதுகாப்போடு வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

போன மாதம் அவர் மகளும் அதே அறைக்கு வேலைக்கு வந்தாள். இப்போது மூன்று மாதக் கர்ப்பம். பிரசவம் வரை ஃபைல் செக்‌ஷனுக்கு மாறிக்கொள்கிறாயா என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள்.

"வேண்டாம்னு எழுதிட்டேன்ப்பா," என்று டீ குடிக்கும்போது தாளைக் காட்டினாள்.

"ஏம்மா? மாறிக்கோயேன்."

"என் பேட்ஜ் ரிப்போர்ட் வர நாளாகும். அதான் உங்களோடத எடுத்துப் பாத்தேன். நூத்திச் சொச்சம் ரிப்போர்ட், எல்லாமே பூஜ்யம். உங்களுக்கே ஒண்ணும் படலன்னா எனக்கு என்னப்பா பட்டுடப் போகுது?"

இத்தனை வருடத்தில் அந்த அறையை நினைத்து அவர் பயந்தது அப்போதுதான். எழுந்துபோய் டிராயரைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்தார்.

"சேந்த புதுசுக்கு அப்புறம் இது என் சட்டையில இருந்ததே இல்லம்மா. இங்கதான் இருந்துச்சு."

மகள் பேட்ஜையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு எவ்வளவு பட்டிருக்கும்?"

"தெரியலம்மா."

தாளை நாலாகக் கிழித்தாள். அப்பாவைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்ஜை எடுத்து அவர் சட்டைப்பையில் மாட்டிவிட்டு, ஃபைல் செக்‌ஷனுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போனாள்.

அவர் ரிட்டயராக இன்னும் நாற்பது நாள் இருந்தது.