வளையத்துக்கு முதுகு காட்டிய நாற்காலி

பந்து வளையத்தை நோக்கிப் பறக்கிற நேரத்தில் வசந்தகுமாரி வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோட்டில் நின்று எறிகிற பெண்ணுக்கும் வளையத்துக்கும் நடுவே, சற்று ஓரமாக, ஒரு கால் உடைந்து கம்பி கட்டிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பார்வை முழுக்க அந்தப் பெண்ணின் கையில் இருக்கும். பந்து கையை விட்டதும் மடியிலிருக்கிற நோட்டில் ஏதோ கிறுக்குவார். அது உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்று திரும்பிப் பார்க்கவே மாட்டார். தப்பி வந்த பந்து எப்போதாவது அவர் முதுகிலேயே அடிக்கும். "ஐயே" என்று சலித்துக்கொள்வார். அப்போதும் திரும்ப மாட்டார்.

திரும்பிப் பார்க்கத்தான் நான் இருக்கிறேன். பூந்தமல்லி சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியர். அவர் அங்கே உடற்கல்வி இயக்குநர், பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் குழுவில் விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரும் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் ஒரு விதி வைத்திருக்கிறது. என்னைவிடச் சம்பந்தமில்லாதவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஐந்து வருஷமாக, ஜூன் மாத வெயிலில் ஒரு கையில் குடையும் மறு கையில் பேனாவுமாக நின்று, பந்து விழுந்தால் ஒன்று, விழாவிட்டால் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கியது இதற்குத்தான் என்று என் மனைவி சொல்வதுண்டு.

முதல் வருஷமே கேட்டுவிட்டேன், பந்து போகிற இடத்தைப் பார்க்காமல் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று.

"ரிங்கு இன்னிக்கி ஒண்ணு சொல்லும், நாளிக்கி ஒண்ணு சொல்லும் சார். காத்தடிச்சா மாறும், தூங்காம வந்திருந்தா மாறும். கை அப்டியில்ல. பந்து போன பின்னாடி கை எங்க நிக்கிதுன்னு பாருங்க. பரண்மேல டப்பாவ எடுக்கிற மாரி மேல நிக்கணும். நின்னுதுன்னா நாலு வருசத்துக்குக் கவலையில்ல."

பொய்யில்லை. ஒரு பெண் இருபத்தைந்து தடவை எறிந்து முடித்ததும் இரண்டு பேர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வளையத்தைப் பார்க்காமலே அவர் 'உள்ள' என்று எழுதிய இடத்தில் என்னிடம் ஒன்று இருக்கும். 'வெளிய' என்ற இடத்தில் பூஜ்யம். இருபத்தைந்துக்கு இரண்டோ மூன்றோ மாறினால் அதிகம். எனக்கு இது ஆரம்பத்தில் ஜோசியம் மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. மண்ணூர்பேட்டையில் பிறந்தவர், கள்ளிக்குப்பத்தில் வீடு. சின்ன வயதில் மாநில ஜூனியர் அணிக்கு ஆடியவர் என்பதற்கு இடது முழங்கால் பட்டைதான் மிச்சம். பொறியியல் கல்லூரியின் ஆங்கிலம் அவர் பேச்சை ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல்வரிடமும் "இன்னா சார்" என்றுதான் ஆரம்பிப்பார். பந்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு மீட்டர் வேண்டாம். தாடை உயரத்திலிருந்து போடுவார், இடுப்பு வரை எழும்பினால் சரி. வருகிற பெண்கள் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து எந்தக் காலை ஊன்றிக் குதிக்கிறாள் என்று சொல்லிவிடுவார்.

தொழில் புத்தி மைதானத்தோடு நிற்பதில்லை. கேன்டீனில் பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்து, "அண்ணாத்தே, உன் மணிக்கட்டு சூப்பரா கீது, இங்க வந்து மாட்டிகினியே" என்று வருத்தப்படுவார். ஒரு நாள் என் வகுப்பு வாசலைக் கடந்தவர், நின்று, நான் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்தார். மதியம் சாப்பிடும்போது, "சார், உங்க முழங்கை வெளில போவுது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்று வரை, சாக்பீஸைத் தூக்கினாலே என் முழங்கை எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. இருபது வருஷமாகக் குண்டு குண்டாக இருந்த கையெழுத்து இப்போது ரயில் புறப்பட்டதும் எழுதியது போலக் கோணிக்கொண்டு போகிறது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் ரோஷினி.

ரோஷினியை மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்தோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது, விடுதியும் இலவசம். ஆனால் நான்கு வருஷமும் அணியில் இருக்க வேண்டும். அணியை விட்டுப் போனால் சலுகையும் போய்விடும். ரோஷினி பத்துக்கு ஏழு போடுவாள். முழங்கை மட்டும் கொஞ்சம் வெளியே விரியும். வசந்தகுமாரி அதைச் சரிசெய்ய இறங்கினார். தினமும் காலையில் பக்கத்தில் நின்று, விரலால் முழங்கையைத் தொட்டுத் தொட்டு உள்ளே தள்ளினார். முழங்கை உள்ளே வந்தது. பந்துதான் உள்ளே போகவில்லை. பத்துக்கு ஏழு, ஐந்தாகி, மூன்றாகியது. பிறகு அந்தப் பெண் எறிவதற்கு முன்னால் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். இரண்டாம் வருஷம் அணியில் இடமில்லை. சலுகையை ரத்துசெய்த கடிதத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

படிப்பை விட்ட ரோஷினி இப்போது கள்ளிக்குப்பத்திலேயே ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போடுகிறாள். அங்கே வசந்தகுமாரியை முதல் தடவை பார்த்தபோது, "நல்லா கீறீங்களா மேம்?" என்று சிரித்தாளாம். திட்டியிருந்தால் தேவலை என்கிறார் வசந்தகுமாரி. அன்றிலிருந்து வீட்டுப் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு, உப்பும் புளியும் வாங்க அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போகிறார்.

ஆகவே ஜூன் வந்தால் அவர் நிலைகொள்ள மாட்டார். புளிப்பு மிட்டாயாக வாயில் போட்டுக்கொண்டே இருப்பார். உரித்த காகிதங்களைக் குன்றிமணி அளவுக்கு உருட்டி, விசில் வைக்கிற பையில் சேர்ப்பார். காலை ஆறு மணிக்கு எனக்கு போன் வரும். "சார், மானம் மூடிகினு கீது. கிரவுண்டு ஈரமாச்சின்னா பொண்ணுங்க வழுக்கி வுயும். இன்னா பண்றது?" வேதியியல் ஆசிரியர் மழையை என்ன செய்ய முடியும்? "வராது மேடம்" என்பேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் போன் வரும்.

இந்த வருஷம் கடைசி இடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் பெயர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

முதலில் கனிமொழி. நல்ல உயரம், அகாடமியில் கற்ற கை. பந்து போன பிறகு அந்தக் கை பரண்மேல் டப்பாவை எடுக்கப்போனது போல அழகாக நின்றது, எனக்கே தெரிந்தது. இருபத்தைந்துக்குப் பதினாறு. இரண்டு நோட்டும் ஒத்துப்போயின.

அடுத்தது நிஷா. நெமிலிச்சேரிப் பெண். அம்மா வனஜா ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். அம்மா வேலை முடித்து வரும்வரை, எட்டு வயதிலிருந்து, குடியிருப்பு மைதானத்தில் பையன்கள் விட்டுப்போன பெரிய பந்தை எடுத்து எறிந்தே வளர்ந்தவள் நிஷா. சின்னக் கைக்கு அது பாரம். அதனால் நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவாள். கடைசியில் இடது கட்டைவிரல் ஒரு தட்டு தட்டும். கை பாதியிலேயே மடங்கி விழுந்துவிடும். வசந்தகுமாரி முதல் மூன்று எறியைப் பார்த்ததுமே மிட்டாயைக் கடித்து நொறுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

முடிந்ததும் நோட்டுகளைச் சேர்த்து வைத்தோம். அவர் நோட்டில் வரிசையாக 'வெளிய', 'வெளிய', 'வெளிய'. என் நோட்டில் இருபத்தைந்துக்கு இருபத்தொன்று.

"சார், சரியா பாத்தீங்களா?"

"கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன் மேடம்."

"இந்தக் கைக்கு இது வுயக் கூடாது சார்."

"விழுகிறதே."

வசந்தகுமாரி எழுந்து போய், கூட்டுகிறவர் சாத்தி வைத்திருந்த நீளக் கம்புத் துடைப்பத்தைக் கொண்டுவந்தார். போட்டியில் உயரமான பெண்கள் முன்னால் வந்து கையைத் தூக்குவார்கள். அதற்குப் பதில் அவர் தூக்கிப் பிடித்த துடைப்பம். கனிமொழி அதன் மேலாக எறிந்து பத்துக்கு ஐந்து போட்டாள். நிஷாவின் முதல் மூன்று பந்தும் துடைப்பத்திலேயே மோதித் திரும்பின. மைதான வேலிக்கு வெளியே நின்ற வனஜா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான்காவதுக்கு நிஷா யாரும் சொல்லாமலே ஓரடி பின்னால் போனாள். கொஞ்சம் சீக்கிரமாக எறிந்தாள். மீதி ஏழில் ஐந்து விழுந்தது.

வசந்தகுமாரி துடைப்பத்தைப் பழைய இடத்திலேயே சாத்தினார். பிறகு சாமான் அறை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வனஜா வேலியோரமாகவே நடந்து வந்தார்.

"மேடம், நான் சிபாரிசுக்கு வர்லீங்க. இது இல்லன்னா பாப்பாவ அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில சேத்துவுடறதா பேசி வெச்சிகீறேன். திங்கக்கெயம சொல்லணும். அதான் இன்னிக்கே தெரியுமான்னு..."

"தெரியும்மா. பன்னண்டு மணிக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவாங்க."

வனஜா போனதும் வசந்தகுமாரி என் பக்கம் திரும்பினார்.

"கனிமொழிக்கி பத்து காலேஜ் கூப்டுவான் சார். இத்த எவனும் கூப்ட மாட்டான். கையப் பாத்தா நானே கூப்ட மாட்டேன்."

"அப்படியானால் கனிமொழியை..."

"இருபத்தொண்ணு போட்டுதே சார்!" என்று என்மேலேயே பாய்ந்தார். பிறகு குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணுமேல பயமில்ல சார். அது தானா ஒரு அடி பின்னால போச்சே, பாத்தீங்கல்ல, அது பொயச்சிக்கும். எம்மேலதான் பயம். அந்தக் கட்டவெரல தெனம் பாத்துகினு நான் சும்மா இருப்பனா? தொடுவேன் சார். எனக்குத் தெரியும். ரோஷினிய ஒடச்ச மாரி இத்தையும் ஒடச்சிட்டன்னா?"

ஆறுதல் சொல்லலாம், ஆனால் எனக்கும் அதே பயம்தான். என் முழங்கையின் கதையை அப்போதுதான் முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். கரும்பலகை, கோணின எழுத்து, எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என் வலது கையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிக்கோங்க சார்" என்றார். "நல்லாத்தான் எய்தினு இருந்தீங்க."

பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. படிவத்தைத் தொடைமேல் வைத்து, பேனாவை அழுத்தி, நிஷாவின் பெயரை எழுதினார். கையெழுத்துப் போடுமுன் ஒரு மிட்டாயை உரித்தார். அதை வாயில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். நானும் போட்டேன். அலுவலக உதவியாளர் கோவிந்தராஜ் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் படியேறி மறைகிறவரை வசந்தகுமாரி அந்தத் தாளையே பார்த்தார். ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மைதானத்தில் நிஷா தனியாக எறிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வசந்தகுமாரி நேராக அவளிடம் போனார். அந்தப் பெண் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வசந்தகுமாரியின் வலது கை, அவர் அறியாமலே, மெல்ல அந்த இடது கட்டைவிரலை நோக்கி நீண்டது. இன்னும் இரண்டு விரற்கடைதான். நிஷா குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நான் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மேம், தப்பா போடறனா?"

கை நின்றது.

"ஒண்ணுமில்ல. நீ போடு."

திரும்பி வந்தார். கம்பி கட்டிய சிவப்பு நாற்காலியைத் தூக்கி, வளையத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அதில் உட்கார்ந்தார்.