முன்வரிசை

வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த 2009இல், ஜெர்மனியில் நான் மாலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு ஸ்பெயின் வரலாறு. இருநூறு வருடங்களுக்கு முன் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்ட ஊர்களில் பெண்கள் பீரங்கிகளுக்குக் குண்டு சுமந்து உடல் சிதறிச் செத்திருக்கிறார்கள். அதே போரின் நடுவே காடிஸ் நகரில் கூடிய ஆண்கள் சுதந்திரத்துக்குச் சட்டம் எழுதினார்கள். அந்தச் சபையில் பார்வையாளராக இருக்கக்கூடப் பெண்களுக்கு அனுமதி இல்லை. புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் வைத்தது. "பொம்பிளையள் முன்னுக்கு நில்லுங்கோ, பொலிஸ் அடிக்காது," என்றார் செயலாளர். பின்னால் நின்ற ஆண்களில் எவனோ போத்தல் எறிந்தான். பொலிஸ் பாய்ந்தது. தடுப்புக் கம்பியில் மோதி, பக்கத்தில் நின்றவளின் பற்கள் உடைந்தன. எனக்கு நெற்றியில் ஐந்து தையல்.

மறுநாள் அதைக் கேட்கச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். செயலாளர் வாசலில் மறித்தார்.

"அக்கா, இது கமிட்டிக் கூட்டம். உங்களை உள்ளுக்கு விட ஏலாது. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வையுங்கோ."

கதவு நிலையைப் பிடித்திருந்த என் கைமேலேயே கதவை அடித்துச் சாத்தினார். விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கையை உருவிக்கொண்டேன். கதவுக் கண்ணாடியில் அவர் முதுகு தெரிந்தது. கதவில் சாய்ந்து நின்றபடியே அவர் தீர்மானம் வாசித்தார்: "எங்கட விடுதலைக்காக வாற சனியும் பொம்பிளையள் முன்னுக்கு நிப்பினம்." உள்ளே கைதட்டினார்கள்.

கதவை உதைத்தேன். அவர் முகம் குப்புற விழுந்தார். மூக்கால் இரத்தம் ஒழுக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாற சனி நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ, அண்ணை," என்றேன்.