நந்திக்கடலில் மூழ்கிய கல்யாணக் கப்பல்

வடிவம்மா கடலையே கண்டிராத மலைநாட்டுக்காரி. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுப் புருஷனோடு முள்ளியவளைக்கு வந்தவள், வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், நந்திக்கடல் என்ற உப்பேரிக் களப்பின் ஓரமாக ஒரு தேத்தண்ணிக் கொட்டில் போட்டாள். மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. களப்பு வற்ற வற்ற, கொட்டிலுக்கு நேரே சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய மரக்கலத்தின் விலா மரங்களும் முறிந்த பாய்மரமும் மெல்லத் தலைகாட்டின.

கோயிலுக்கு வந்த சனம் அது என்ன கப்பல் என்று அவளைத்தான் கேட்டது. தெரியாது என்றால் சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார்கள். கதை சொன்னால் இன்னொரு தேத்தண்ணி குடிக்கிறார்கள். வடிவம்மாவுக்கு அது போதாதா?

வைகாசியில், அம்மன் கோயில் பொங்கலன்று காலையில் வந்த ஸ்கந்தபுரத்துப் பெண்களுக்கு அது ராசா மகளைக் கல்யாணத்துக்கு ஏற்றிவந்த கப்பல். மத்தியானம் வந்த நெளுக்குளத்து ஆண்களுக்கு வெள்ளைக்காரனின் பீரங்கிக் கப்பல். பின்னேரம் இரண்டு கூட்டமும் ஒரே வாங்கில் உட்கார்ந்து, பேச்சு வளர்ந்து, எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவம்மா கேத்தலை நிதானமாக இறக்கிவைத்தாள். "ரெண்டும் உண்மைதாங்க. பீரங்கிக் கப்பல் வந்து கல்யாணக் கப்பல்ல மோதிருச்சு. மேல தெரியுறது பீரங்கிக் கப்பல். பொண்ணு, நகையெல்லாம் அடியில கெடக்கு."

மூலையில் இருந்த மீன்காரர் ஐயாத்துரைக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. கூட்டம் கலையும்வரை இருமிக்கொண்டேயிருந்தார்.

"பிள்ளை, அது என்னைப் பெத்த அப்புவின்ர தோணி. வைக்கல் ஏத்தினது. இவ்வளவு உயரத்துக்கு அடுக்க வேண்டாமெண்டு ஆச்சி சொன்னவா, மனுசன் கேக்கேல்லை. காத்து பாயை விட்டிட்டு வைக்கலைப் பிடிச்சுது. கவிண்டு போச்சு. நீந்தி வந்து, கொள்ளைக்காரர் மறிச்சவங்கள் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர்."

"அண்ணே, வெளியில சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டன். ஆனா ஒண்டு. உன்ர கல்யாணக் கப்பலுக்கு ஆர் தலைவன்?"

வடிவம்மா யோசித்தாள். "அதுக்கு இன்னும் யாரையும் வைக்கலீங்க."

"அப்ப எங்கட அப்புவைப் போடு. கந்தர் எண்டு பேர். நல்ல மீசையொண்டும் வை. பாவம், அவருக்கு மீசை வளரவேயில்லை."

மார்கழி மழைக்குக் களப்பு நிறைந்து மரங்கள் மறைந்தன. சனம் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தது. அடுத்த வைகாசிப் பொங்கலுக்குள் கந்தர் ராசா மகளைத் தோளில் சுமந்து கரைசேர்த்து, தாலியும் கட்டிவிட்டிருந்தார். தங்கள் உடம்பில் ஓடுவது ராச ரத்தம் என்று ஐயாத்துரையே சந்தையில் சொல்லத் தொடங்கினார். அவர் மனைவி கமலேஸ்வரிதான் அசையவில்லை.

"ராசகுமாரன், மீன் நாத்தத்தைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ" என்பாள்.